பழைய கார் ரேஸை லப்டொப்பில ஓட்டுறது: வாசகர் கேள்வி பதில்

பழைய பிளேஸ்டேசன் கேம்களை எமுலேட்டரில விளையாடுறதைப் பற்றிப் போன இதழில ரெண்டு வரி எழுதினதுக்கு வன்னிப் பக்கம் இருந்து கனக்கக் கேள்வி வந்திருக்கு, அதில கார் ரேஸ் பற்றினதுகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறன். எமுலேட்டர் எண்டா பழைய மெஷின் செய்யிற வேலையைக் கொம்பியூட்டரோ போனோ செய்து காட்டுற ஒரு சொஃப்ட்வெயார், அவ்வளவுதான்.

கேள்வி (கிளிநொச்சி வாசகர்): அண்ணை, மீள்குடியேறி வந்த பிறகு சுவிசில இருந்து மாமா ஒரு பிளேஸ்டேசன் 2 கொண்டு வந்து தந்தவர், அதில கிரான் டுரிஸ்மோ 4 எண்ட கார் ரேஸ் எண்டா எங்களுக்கு உயிர். மெஷின் எப்பவோ பழுதாப் போச்சு, டிஸ்க் மட்டும் கீறல் இல்லாம இருக்கு. இப்ப லப்டொப்பில எமுலேட்டர் போட்டு ஓடிப் பாத்தன். படம் முந்தினதை விட வடிவா இருக்கு, ஆனா கார் கைக்கு வருதில்லை, வளைவால வெளிக்கிடேக்க பின்சில்லு இழுத்துக்கொண்டு போய்ச் சுத்துது. அப்ப இப்பிடி இல்லையே?

பதில்: தம்பி, உங்கட கையில பிழை இல்லை, கொன்ட்ரோலரிலதான் விஷயம் இருக்கு. பிளேஸ்டேசன் 2 ஓட வந்த டுவல்ஷொக் 2 இல எக்ஸ் பட்டன், சதுர பட்டன் எல்லாம் சும்மா அமத்தினா ஓன், விட்டா ஓஃப் எண்ட மாதிரி இல்லை, எவ்வளவு பலமா அமத்துறீங்கள் எண்டதை 0 இல இருந்து 255 வரைக்கும் அளந்து மெஷினுக்குச் சொல்லும். கிரான் டுரிஸ்மோ 3, 4 ரெண்டும் இதை நம்பிச் செய்த கேம்கள். எக்ஸ் தான் ஆக்சிலேட்டர், சதுரம் தான் பிரேக், ரெண்டையும் மெல்லமாவும் குடுக்கலாம் பலமாவும் குடுக்கலாம். சின்னனில நீங்கள் இதை ஒருத்தரும் சொல்லித் தராமலே பழகியிருப்பீங்கள், வளைவு முடியேக்க பெருவிரலைக் கொஞ்சம் தளர்த்தி, கார் நேரான உடன திரும்ப இறுக்கி அமத்துறது, அது விரலுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

இப்ப வாற கொன்ட்ரோலர்களில, அது எக்ஸ்பொக்ஸ் மாதிரியா இருந்தாலும் சரி பிளேஸ்டேசன் 4, 5 இன்ர கொன்ட்ரோலரா இருந்தாலும் சரி, அந்தப் பட்டன்களுக்கு அளக்கிற வேலை இல்லை. தொட்டாலே 255 போகும். அப்ப வளைவுக்கு நடுவில நீங்கள் எக்ஸைத் தொட்ட உடனயே முழு ஆக்சிலேட்டர். பின்சில்லால ஓடுற பலமான கார் எண்டா என்ன நடக்கும், கிறவல் ரோட்டில மோட்டச்சைக்கிளை ஒரே முறுக்கா முறுக்கினா நடக்கிறதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். பிசிஎஸ்எக்ஸ் 2 எண்ட பிளேஸ்டேசன் 2 எமுலேட்டரில கொன்ட்ரோலர் செட்டிங்குக்குள்ள போய் எக்ஸுக்கு வலப்பக்க ட்ரிகரை (சுட்டுவிரலால இழுக்கிற பட்டன்) குடுங்கோ, சதுரத்துக்கு இடப்பக்க ட்ரிகரைக் குடுங்கோ. ட்ரிகர் எவ்வளவு உள்ள போகுதோ அந்த அளவை எமுலேட்டர் அப்பிடியே பட்டன் அழுத்தமா மாத்திக் குடுக்கும். மெனுவில தெரிவு செய்யிறதுக்கும் எக்ஸ் வேணும் எண்டபடியா பழைய பட்டனையும் எடுக்காதேங்கோ, ஷிஃப்டைப் பிடிச்சுக்கொண்டு கிளிக் பண்ணினா ஒரு வேலைக்கு ரெண்டு பட்டன் சேர்க்கலாம். அந்த ட்ரிகர் ரெண்டுக்கும் கேமில இருந்த வேலையை வேற பட்டனுக்கு மாத்தி விடுங்கோ. இதோட ஸ்டியரிங்குக்குப் பாவிக்கிற இடது ஸ்டிக்கின்ர டெட்சோன் (ஸ்டிக்கை அசைச்சும் கணக்கில எடுக்காத நடு இடம்) கூடிப்போய் இருக்கோ எண்டும் பாருங்கோ, அது கூடினா சின்னத் திருப்பல் ஒண்டும் காருக்குப் போகாது, பிறகு திடீரெண்டு ஒடிக்கும்.

எல்லாம் மாத்தின பிறகு ரேஸுக்குப் போகாதேங்கோ, முதல் கேமுக்குள்ள இருக்கிற பி லைசென்ஸ் சோதனைக்குப் போங்கோ. வேகமாப் போய்க் குறிச்ச இடத்துக்குள்ள காரை நிப்பாட்டுற சோதனை ஒண்டு இருக்கு, கொன்ட்ரோலர் சரியா இருக்கோ எண்டு பாக்க அதை விட நல்ல இடம் இல்லை. பிரேக்கை அரைவாசி குடுக்கேக்க கார் அரைவாசி பிரேக் பிடிக்கிற மாதிரி இருக்குதெண்டா சரி. லப்டொப்பை ரிவியில குத்தி விளையாடுறதெண்டா ரிவி செட்டிங்கில கேம் மோட் எண்டு ஒண்டு இருக்கும், அதைப் போடாட்டி நீங்கள் திருப்பினது படத்தில பிந்தித்தான் தெரியும், ரேஸ் கேமில அந்தச் சின்னப் பிந்தல் போதும் சுவரில அடிக்க.

எல்லாரும் முதல் வேலையா ரெசொலூசனைக் கூட்டுறதிலயும் படத்தை மினுக்குறதிலயும் நிக்கினம். என்னைக் கேட்டா கார் ரேஸுக்கு அது கடைசி வேலை. கை, நேரம், வேகம் மூண்டும் முந்தின மாதிரி வந்திட்டுதெண்டா படம் மங்கலா இருந்தாலும் அது அதே கேம்தான், அது வராட்டி எவ்வளவு வடிவான படம் எண்டாலும் வேற ஏதோ ஒண்டைத்தான் விளையாடுறீங்கள்.

கேள்வி (மாங்குளம் வாசகி): தம்பிக்காரன் என்ர போனில கிரான் டுரிஸ்மோ 2 போட்டுத் தந்தவன். ரோட்டில இருக்கிற வெள்ளைக் கோடு நெளியுது, தூரத்துக் கட்டடங்கள் நடுங்குது. போன் பழுதோ, இல்லாட்டி சீடியில இருந்து எடுத்தது பிழையோ?

பதில்: ரெண்டும் இல்லை தங்கச்சி, அந்த மெஷினே அப்பிடித்தான். முதலாவது பிளேஸ்டேசன் 1994 டிசம்பர் 3 ஜப்பானில வந்தது, 33.8 மெகாஹேர்ட்ஸ் புரொசசர், 2 எம்பி மெமரி, படத்துக்கு 1 எம்பி. இவ்வளவு சின்ன மெஷினில 3டி காட்ட வேணும் எண்டு ரெண்டு விஷயத்தை விட்டிட்டினம். ஒண்டு, காரும் ரோடும் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களாலதான் கீறுறது, அந்த முக்கோணங்களின்ர மூலைகளைத் திரையில புள்ளிக்குப் புள்ளிதான் வைக்கும், ரெண்டு புள்ளிக்கு நடுவில வைக்கத் தெரியாது, அதால கார் மெல்ல நகரேக்க மூலை ஒவ்வொண்டும் ஒரு புள்ளி பாயும், அதுதான் நீங்கள் பாக்கிற நடுக்கம். மற்றது, முக்கோணத்துக்கு மேல ஒட்டுற படத்தைத் தூரம் கிட்டம் கணக்கெடுக்காம தட்டையா இழுத்து ஒட்டும். கமெராவுக்குக் கிட்ட இருக்கிற ரோட்டுத் துண்டைக் கவனிச்சுப் பாருங்கோ, வெள்ளைக் கோடு முக்கோணம் மாறுற இடத்தில முறிஞ்சு நெளியும்.

பழைய பெட்டி ரிவியில இது இவ்வளவு தெரியாது, படமே மெத்தெண்டு இருக்கும். போனில நாலு மடங்கு பெருப்பிச்சுத் துல்லியமாக் காட்டேக்க நெளிவும் நாலு மடங்கு துல்லியமாத் தெரியுது. டக்ஸ்டேசன் எண்ட பிளேஸ்டேசன் 1 எமுலேட்டர் பாவிக்கிறீங்கள் எண்டா பிஜிஎக்ஸ்பி எண்டு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டா மூலைகளைச் சரியான இடத்தில வைச்சு படத்தையும் திருத்தி ஒட்டும். ரேஸ் கேமுக்கு நான் இதைப் போடத்தான் சொல்லுவன், ஏனெண்டா எங்க பிரேக் பிடிக்கிறது எண்டு ரோட்டைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறம், ரோடு நெளிஞ்சா கண் ஏமாறும். ரெசொலூசன் ரெண்டு மூண்டு மடங்கு போதும். படத்தை வழுவழுப்பாக்கிற ஃபில்டர் ஒண்டும் வேண்டாம், அதில ரோட்டோரப் பலகையில இருக்கிற எழுத்து கூட அழிஞ்சு போகும்.

கேள்வி (வவுனியா வாசகர்): ரவுணில ஒரு கேம் கடையில மணித்தியாலத்துக்குக் காசு குடுத்து விளையாடின பழைய ரேஸ் கேம் ஒண்டு இப்ப எமுலேட்டரில கொஞ்சம் வேகமா ஓடுற மாதிரி இருக்கு. எனக்குத்தான் வயசு போட்டுதோ?

பதில்: வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் சொல்லுறது உண்மையாவே இருக்கலாம். எங்கட நாட்டு ரிவி பால் (PAL) எண்ட முறை, படம் செக்கனுக்கு 50 தரம் மாறும். ஜப்பான், அமெரிக்காவில 60. ஐரோப்பாவுக்கு எண்டு வெளியிட்ட பால் டிஸ்க்குகளில கனக்கக் கேம்களை 50க்கு ஏத்த மாதிரிச் சரியாத் திருத்தாமலே விட்டவை, அதால அதுகள் ஆறில ஒரு பங்கு மெதுவா ஓடும், மேலயும் கீழயும் கறுப்புப் பட்டியும் வரும். சிலதைத் திருத்தினவை, எல்லாத்தையும் இல்லை. கடையில நீங்கள் விளையாடினது பால் டிஸ்க்கா இருந்து இப்ப போட்டிருக்கிறது அமெரிக்க டிஸ்க்கா இருந்தா வித்தியாசம் தெரியத்தான் செய்யும். டிஸ்க்கில இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. சோனி தானே வெளியிட்ட கேம் எண்டா எஸ்சிஇஎஸ் எண்டு தொடங்கினா ஐரோப்பா, எஸ்சியுஎஸ் எண்டா அமெரிக்கா, எஸ்சிபிஎஸ் எண்டா ஜப்பான். புதுசா விளையாடுற ஆளுக்கு 60 தான் நல்லம், ஆனா பழைய கையை, பழைய லப் நேரத்தை (ஒரு சுத்து ஓடுற நேரம்) தேடுறவர் எண்டா அந்தக் காலத்தில விளையாடின பதிப்பையே தேடிப் போடுங்கோ. ஒண்டின்ர சேவ் (விளையாடின அளவைப் பதிஞ்சு வைக்கிறது) மற்றதுக்கு வராது எண்டதையும் நினைவில வையுங்கோ.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகர்): மெஷின் போட்டுது, ஆனா மெமரி கார்ட் இருக்கு. அதுக்குள்ள என்ர அண்ணாவின்ர கராஜ் முழுக்க இருக்கு, அவர் இப்ப கனடாவில. அதை எடுக்க வழி இருக்கோ? இவ்வளவு வருசத்தில அழிஞ்சிருக்குமோ?

பதில்: உள்ள பற்றறி ஒண்டும் இல்லை, 8 எம்பி ஃபிளாஷ் மெமரிதான், தண்ணி படாம வைச்சிருந்தா இன்னும் இருக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு. மெஷினுக்குள்ள ஒரு வட்டப் பற்றறி இருக்கு, அது திகதிக்கும் நேரத்துக்கும் மட்டும்தான், அது செத்தாலும் சேவுக்கு ஒண்டும் நடக்காது.

எடுக்கிறதுக்கு ஓடுற பிளேஸ்டேசன் 2 ஒண்டு எங்கயாவது இரவல் வேணும். டிஸ்க் வாசிக்காத மெஷின் எண்டாலும் பரவாயில்லை, லைற் எரிஞ்சு படம் வந்தாக் காணும். ஃப்ரீ எம்சிபூட் (மெமரி கார்ட்டில இருந்தே புரோகிராம் ஓட வைக்கிற ஒரு சொஃப்ட்வெயார்) போட்ட இன்னொரு மெமரி கார்ட்டை ஒரு பக்கமும் அண்ணாவின்ர கார்ட்டை மற்றப் பக்கமும் குத்தி, யூலோஞ்ச் எல்ஃப் எண்ட புரோகிராமால சேவை ஒரு யூஎஸ்பிக்குக் கொப்பி பண்ணலாம். பிறகு கொம்பியூட்டரில மைஎம்சி எண்ட சின்ன சொஃப்ட்வெயாரால அந்தச் சேவை எமுலேட்டரின்ர மெமரி கார்ட் ஃபைலுக்குள்ள போடலாம். ஒண்டு மட்டும் கவனம், கடைசியா வந்த மெல்லிய 90000 தொடர் மெஷின்களில சிலதில ஃப்ரீ எம்சிபூட் வேலை செய்யாது, இரவல் வாங்க முதல் பின்பக்க இலக்கத்தைப் பாருங்கோ. பிளேஸ்டேசன் 3 க்கு எண்டு சோனி ஒரு மெமரி கார்ட் அடப்டர் வித்தது, அது ஆரிட்டயாவது இருந்தா அதாலயும் எடுக்கலாம்.

எடுத்தாப் பிறகு உடனயே ரெண்டு இடத்தில கொப்பி வையுங்கோ, ஒண்டை அண்ணாவுக்கு அனுப்புங்கோ, அவர் அங்க போட்டு ஓடட்டும். அவர் சில்லு மாத்தின கார், விக்காம வைச்சிருந்த முதல் கார் எல்லாம் அதுக்குள்ள அப்பிடியே நிக்கும். இதை எல்லாருக்கும் சேத்துச் சொல்லுறன், எமுலேட்டரில நினைச்ச இடத்தில நிப்பாட்டி வைக்கிற சேவ் ஸ்டேட் எண்டு ஒண்டு இருக்கு, நல்ல வசதி, ஆனா எமுலேட்டரைப் புதுப்பிச்சா பழைய ஸ்டேட் திறக்காமப் போகலாம். கேமுக்குள்ள இருக்கிற சேவையும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கோ.

கேள்வி (மல்லாவி மாணவன்): பயோஸ் ஃபைல் எங்க இறக்கலாம் சேர்?

பதில்: இணைப்புத் தரமாட்டன் தம்பி. எமுலேட்டர் செய்யிறது பிழை இல்லை, சோனி கொனெக்டிக்ஸ் எண்ட கொம்பனிக்கு எதிராப் போட்ட வழக்கில 2000 ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்டிக்ஸ் பக்கம் நிண்டது. ஆனா பயோஸ், அதாவது மெஷினைத் தொடக்கி வைக்கிற உள் சொஃப்ட்வெயார், சோனியின்ர சொத்து, கேமும் அதைச் செய்தவையின்ர சொத்து. மேல சொன்ன அதே வழியால, யூஎஸ்பி போட்டு, சொந்த மெஷினில இருந்து பயோஸை எடுக்கலாம், டிஸ்க்கைக் கொம்பியூட்டர் டிவிடி ட்ரைவில போட்டு ஐஎஸ்ஓவா (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா) எடுக்கலாம். உங்களிட்ட மெஷின் இல்லையெண்டா பிஎஸ்பி (சோனியின்ர கையில வைச்சு விளையாடுற சின்ன மெஷின்) கேம்களுக்கு வாங்கோ, பிபிஎஸ்எஸ்பிபி எண்ட எமுலேட்டருக்குப் பயோஸே தேவையில்லை, 2012 இல இருந்து இருக்கு, சாதாரண போனிலயும் நல்லா ஓடும். 2009 இல வந்த கிரான் டுரிஸ்மோ பிஎஸ்பிக்கும் இருக்கு, மற்றதுகளில இருக்கிற மாதிரி முழு கரியர் மோட் இல்லை எண்டது ஒரு குறைதான்.

கேள்வி (முல்லைத்தீவு வாசகர்): போனில பிளேஸ்டேசன் 2 கேம் பத்து நிமிசம் நல்லா ஓடுது, பிறகு சத்தம் கரகரக்குது, கார் ஊருது.

பதில்: சூடு. போன் கொதிச்ச உடன புரொசசர் தன்ர வேகத்தைத் தானே குறைச்சுப்போடும், முழு வேகம் இல்லாட்டி முதல் சத்தம்தான் கிழியும், அது ஒரு நல்ல அடையாளம். சித்திரை வைகாசியில தகரக் கூரைக்குக் கீழ இருந்து விளையாடினா எந்தப் போனும் இப்பிடித்தான். ரெசொலூசனை ஒரு மடங்குக்குக் கொண்டு வாங்கோ, சார்ஜில போட்டுக்கொண்டு விளையாடாதேங்கோ, கவரைக் கழட்டுங்கோ. ஃபிரேம்களை (அடுத்தடுத்து வாற படங்களை) இடையில விட்டுவிட்டுக் காட்டுற செட்டிங்கைப் போடச் சொல்லி ஆரும் சொன்னாக் கேளாதேங்கோ, ரேஸ் கேமில அது கண்ணைக் கட்டி ஓடுறதுக்குச் சரி. போனுக்கு இருந்த ஈதர்எஸ்எக்ஸ் 2 எண்ட பிளேஸ்டேசன் 2 எமுலேட்டரைச் செய்தவர் 2023 ஜனவரியோட வேலையை நிப்பாட்டிட்டார், அந்தப் பேரில கண்ட கண்ட இடத்திலயும் கிடக்கிறதை இறக்காதேங்கோ. பிளேஸ்டேசன் 1 கேம் எண்டா இப்பத்தைய எந்தப் போனும் களைக்காம ஓட்டும்.

கேள்வி (அக்கராயன் வாசகர்): எல்லாரும் பழைய கேமுக்குத் திரும்பப் போறதைப் பற்றிக் கேக்கினம். எனக்குத் திரும்பிப் போக ஒண்டும் இல்லை. 1996 இல கிளிநொச்சியால இடம்பெயர்ந்து வந்தாக்கள் நாங்கள், கரண்ட் எண்டதே இல்லை, பற்றறிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட வயசு. பிளேஸ்டேசன் எண்ட பேரே பிறகுதான் தெரியும். இப்ப மகனுக்கு ஒரு லப்டொப் இருக்கு. எங்க தொடங்கலாம்?

பதில்: ஐயா, உங்கட கடிதத்தைத்தான் நான் கனநேரம் வைச்சு வாசிச்சனான். எமுலேட்டரால ஆருக்கு உண்மையான பிரயோசனம் எண்டு கேட்டா, அந்த நேரத்தில கிடைக்காத உங்கள மாதிரி ஆக்களுக்குத்தான் எண்டு சொல்லுவன். உங்களோட ஒத்த வயசுப் பெடியள் வேற ஊர்களில இதை விளையாடேக்க நீங்கள் மண்ணெண்ணெய் விளக்கில படிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், அது உங்கட பிழை இல்லை, அந்தக் கேம்கள் இன்னும் அப்பிடியே இருக்கு, பிந்தி வந்தனீங்கள் எண்டு ஒண்டும் கெட்டுப் போகேல்லை.

முதல் ரிட்ஜ் ரேசரைப் போடுங்கோ. நம்கோ செய்தது, ஜப்பானில பிளேஸ்டேசன் வித்த முதல் நாளே அதோட வந்த கேம். கார் குறைவு, ரோடு குறைவு, ஆனா வளைவில ஒரு தட்டுத் தட்டிச் சறுக்கிக்கொண்டு போற சுகம் உடன பிடிபடும், ஒரு லைசென்சும் எடுக்கத் தேவையில்லை. அந்தக் கேம் முழுக்க மெமரிக்குள்ள ஏறினாப் பிறகு சீடி தேவையில்லை, அதை வெளிய எடுத்திட்டு உங்கட பாட்டுச் சீடியைப் போட்டால் அந்தப் பாட்டோட ரேஸ் ஓடலாம், அப்பிடிச் செய்திருந்தவை.

அது கைக்கு வந்த பிறகு 1997 டிசம்பரில வந்த முதலாவது கிரான் டுரிஸ்மோவுக்குப் போங்கோ. கசுனோரி யமௌச்சி எண்டவரின்ர தலைமையில ஒரு சின்னக் குழு அஞ்சு வருசம் இருந்து செய்தது, ஒரு கோடிக்கு மேல வித்தது. கையில குடுக்கிற காசுக்கு ஒரு பழைய கார்தான் வாங்கலாம், லைசென்ஸ் எடுக்க வேணும், சின்ன ரேஸ் ஓடிக் காசு சேர்த்து எக்ஸ்ஹோஸ்ட், சில்லு எண்டு ஒவ்வொண்டா மாத்த வேணும். செகண்ட்ஹாண்ட் லிஸ்டில நீங்கள் ஏ9 ரோட்டில தினமும் பாக்கிற டொயோட்டா, நிசான், மிட்சுபிசிகளும் நிக்கும், அதில ஒண்டை வாங்கித் தொடங்குங்கோ. சேவ் ஸ்டேட் பாவிச்சு லைசென்ஸ் சோதனையைக் குறுக்கால பாஸ் பண்ண வேண்டாம், அந்தச் சோதனைகள்தான் இந்தக் கேமின்ர பள்ளிக்கூடம். மகனைப் பக்கத்தில இருத்தி ஆளுக்கொரு முறை எண்டு மாறி மாறி ஓடுங்கோ, அவர் உங்கள விடக் கெதியாப் பழகுவார், பரவாயில்லை, பிரேக் எங்க பிடிக்கிறது எண்டு ரோட்டில உண்மையா ஓடித் தெரிஞ்ச ஆள் நீங்கள்.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): கிரான் டுரிஸ்மோ 2 இல எல்லா ரேஸும் முடிச்சாச்சு, எல்லா லைசென்சும் எடுத்தாச்சு, 98.2 வீதத்தில நிக்குது. எமுலேட்டர் பிழையோ?

பதில்: இல்லை. 1999 டிசம்பரில அமெரிக்காவில வந்த முதல் பதிப்பிலயே இருந்த பிழை அது, உண்மையான மெஷினில விளையாடினாக்களுக்கும் 98.2 க்கு மேல போகேல்லை, சோனி பிறகு டிஸ்க் மாத்திக் குடுத்தது. நீங்கள் கேமை முழுசா முடிச்சிட்டீங்கள். 100 எண்டு பாத்தே தீரவேணும் எண்டா பிறகு திருத்தி வந்த பிரதி வேணும்.